கடாரத்துக் கற்பேழைகள்
பூஜாங் பள்ளத்தாக்கு தொல்பொருள் அருங்காட்சியகம் பற்றி ஓர் அறிமுகம்

பினாங்குக்கு வடக்கே கெடா கடற்கரையை ஒட்டித் தனித்து நிமிர்ந்து நிற்பது ஜெராய் மலை. உயரம் 1,217 மீட்டர். சுற்றிலும் நெல்வயலும் தாழ்ந்த நிலமுமாக இருப்பதால் கடலில் வெகு தொலைவிலிருந்தே இது கண்ணுக்குத் தெரியும். வங்கக் கடலைக் கடந்து வந்த பழங்கால மரக்கல மாலுமிகளுக்குக் கரை நெருங்கிவிட்டது என்று முதலில் சொன்ன அடையாளம் இந்த மலைதான். அதன் தென்புற அடிவாரத்தில், மெர்போக் என்னும் சிற்றூருக்கு அருகே, ஓடை ஒன்று சலசலக்கும் காட்டோரத்தில் அமைந்திருக்கிறது பூஜாங் பள்ளத்தாக்கு தொல்பொருள் அருங்காட்சியகம். 1980ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

நம் அன்பர்களில் பலர் தைப்பூசத்திற்குத் தவறாமல் பினாங்கு செல்கிறார்கள். சுங்கைப் பட்டாணி வழியாகவே அலோர் ஸ்டார் வரை போய்த் திரும்புகிறவர்களும் உண்டு. ஆனால் நெடுஞ்சாலையிலிருந்து சிறிது தூரம் விலகி இந்த இடத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால், கையை உயர்த்துவோர் குறைவு. எங்கள் கோயில் குழுவினர் ஒரு பேருந்து பேசிக்கொண்டு சென்றபோது, நாற்பது பேரில் முன்பு வந்திருந்தவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவர் பள்ளி நாட்களில் ஆசிரியர் அழைத்து வந்ததாகச் சொன்னார். இந்தச் சிறு கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பயணமே.

செதுக்கிய கல்லின் குன்று

அருங்காட்சியக வளாகத்துள் நுழைந்து, படிகள் ஏறி மேலே சென்றால், மரநிழலில் ஒரு கருங்கல் அடித்தளம் தெரியும். சண்டி புக்கிட் பத்து பஹாட் என்பது இதன் பெயர். ‘பத்து பஹாட்’ என்றால் உளியால் செதுக்கிய கல் என்று பொருள். ஊரார் கண்ணில் பட்டதை அப்படியே பெயராக வைத்திருக்கிறார்கள். ‘சண்டி’ என்பது பழங்காலக் கோயில் எச்சங்களைக் குறிக்க இங்கும் சாவகத்திலும் வழங்கும் சொல். பூஜாங் என்ற பெயரே பாம்பைக் குறிக்கும் ‘புஜங்கம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று கூறுவாரும் உளர்.

வளாகத்தில் வேறு சில சண்டிகளும் உள்ளன. பெண்டியாட், பெண்டாங் டாலாம், பெங்காலான் பூஜாங் ஆகிய இடங்களிலிருந்த கட்டடங்களைக் கல் கல்லாக, செங்கல் செங்கலாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். புக்கிட் பத்து பஹாட் மட்டும் அப்படியல்ல. அது எழுந்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஓடும் நீரும் அன்று ஓடிய நீரே.

கோயிலின் அமைப்பைப் பார்த்தவுடன் நம்மவர்க்கு விளக்கம் தேவைப்படாது. சதுரமான கருவறை மேடை ஒன்று, அதன் முன்னே மண்டபம் ஒன்று. மண்டபத் தளத்தில் வரிசையாகக் கருங்கல் தூண் அடிகள் இருக்கின்றன. நடுவில் குழி வெட்டப்பட்டிருக்கிறது. அக்குழிகளில் நின்றவை மரத்தூண்கள். மேற்கூரையும் மரத்தாலானதே. ஆகவே காலம் தின்றதுபோக எஞ்சியிருப்பது கல்லாலான கீழ்ப்பகுதி மட்டும். அபிஷேக நீர் கருவறையிலிருந்து வெளியே வடிவதற்கான கோமுகை இங்கே இருந்ததற்கும் சான்று கிடைத்திருக்கிறது. அதனாலும் வேறு அடையாளங்களாலும் இது சிவபெருமானுக்கு எடுப்பித்த கோயில் என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கருத்து. காலத்தைப் பற்றி அவர்களுக்குள் உடன்பாடு இல்லை. முதலில் அகழ்ந்தவர் 7, 8ஆம் நூற்றாண்டு என்றார். பின்னர் வந்தவர்கள் 10, 11ஆம் நூற்றாண்டுக்கோ அதற்கும் பின்னரோ கொண்டுவருகிறார்கள்.

எங்களுடன் வந்த வயதான அம்மா ஒருவர், யாரும் சொல்லாமலே, படியின் கீழ் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கருவறையில் மூலவர் இல்லை; விளக்கு இல்லை; கல்லின் மேல் பாசிதான். “சாமி இல்லாத எடத்துல எதுக்கும்மா செருப்பக் கழட்டுறீங்க?” என்று ஓர் இளைஞர் கேட்டார். “இருந்த எடந்தானேய்யா” என்று சொல்லிவிட்டு அந்த அம்மா தூண் அடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

கண்டெடுத்த கதை

இந்தப் பள்ளத்தாக்கு முற்றிலும் மறக்கப்பட்டுவிடவில்லை. ஊராரிடம் கதைகள் இருந்தன. கெடாவின் பழைய வரலாற்று நூலான ‘ஹிக்காயாட் மேரோங் மகாவங்சா’வில் ராஜா பெர்சியோங் என்னும் கோரைப்பல் மன்னன் வருகிறான். சமையற்காரரின் விரலில் வெட்டுப்பட்டு ஒரு சொட்டு இரத்தம் கீரைக் குழம்பில் விழுந்துவிட, அந்தச் சுவைக்கு அடிமையாகி மனிதக் குருதி கேட்கத் தொடங்கியவன் அவன். காட்டுக்குள் குழி வெட்டிய கல் ஒன்றைக் கண்ட ஊரார், அது அம்மன்னனின் கொடிக்கம்பம் நின்ற கல் என்றே சொல்லி வந்தார்கள். கோயில் தூணடிக் கல்லைக் கொடிமரக் கல்லாகக் கண்டது நமக்கு வியப்பாக இராது.

ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் லோ 1830களிலும் 1840களிலும் இந்தப் பகுதியில் பழைய கல்வெட்டுகளையும் கட்டட எச்சங்களையும் கண்டு எழுதிவைத்தார். முறையான அகழாய்வு 1930களின் பிற்பாதியில் நடந்தது. குவாரிச் வேல்ஸ் என்பவரும் அவருடைய துணைவியார் டோரதியும் சேர்ந்து காட்டையும் ரப்பர் தோட்டங்களையும் துழாவி, 30 இடங்களை வரிசை எண் இட்டுப் பதிவு செய்தனர். 1940இல் அந்த ஆய்வு நூலாக்கம் பெற்றது. புக்கிட் பத்து பஹாட் அந்த வரிசையில் 8ஆம் எண். இன்றும் ஆய்வாளர்கள் எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்கிறார்கள். அந்த எண்களில் 11 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் அதற்கு வருவோம்.

நாடு விடுதலை பெற்ற பின், 1959, 1960ஆம் ஆண்டுகளில், அலஸ்டர் லேம்ப் என்னும் அறிஞர் 8ஆம் எண் கோயிலை மீண்டும் முழுமையாக ஆராய்ந்து, சிதறிக்கிடந்த கற்களை உரிய இடத்தில் வைத்துச் சீர்செய்தார். அப்போதுதான் இக்கட்டுரைக்குத் தலைப்பைத் தந்த பொருள்கள் வெளிப்பட்டன.

பேழைக்குள் இருந்தது

கருவறைக் கட்டுமானத்துள் கருங்கற்பேழைகள் பல மறைத்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் குடைந்தது. நடுவில் ஒரு குழி. அதைச் சுற்றி எட்டுக் குழிகள். மேலே பொருத்தமான கல் மூடி. நடுக்குழியில் சிறு செப்புக் கலயம். உள்ளே பொன், வெள்ளித் தகடுகள், அத்தகடுகளிலேயே வெட்டியெடுத்த சிறு சிறு உருவங்கள், மணிக்கற்கள். விலைமதிப்பை எடைபோட்டால் பெரிய புதையல் ஒன்றுமில்லை. ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும்.

இவற்றை என்னவென்று கொள்வது? அக்காலத்தில் சாவகத்துச் சண்டிகளைப் பற்றி ஒரு கருத்து வலுவாக இருந்தது. இறந்த மன்னனின் சாம்பலை வைத்து, அவனையே தெய்வமாக்கி எழுப்பிய நினைவுக் கோயில்களே சண்டிகள் என்பது அக்கருத்து. அதே கண்ணோட்டத்தில் கெடாவின் பேழைகளையும் எச்சப் பேழைகள் என்று அழைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இன்றும் பல நூல்களில் நீடிக்கிறது. 1974இல் இந்தோனேசிய அறிஞர் சுக்மோனோ, சாவகத்துச் சண்டிகள் கல்லறைகள் அல்ல, தெய்வத்திற்குரிய கோயில்களே என்று விரிவாக நிறுவினார். அதற்கு முன்பே, 1966இல், ஓ’கானர் என்பவர் தென்கிழக்காசியா முழுவதிலும் கிடைத்த இத்தகைய பேழைகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, இவை கோயில் நிலைபெறுவதற்காகச் செய்யப்படும் சடங்கின் வைப்புகள் என்று எடுத்துக்காட்டினார்.

நம் சிவாச்சாரியார்களிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கர்ப்பந்யாசம் என்ற கிரியையை ஆகம நூல்களும் மயமதம் முதலிய சிற்ப நூல்களும் விரிவாகக் கூறுகின்றன. கோயில் கட்டத் தொடங்கும்போது, அறைகள் பகுக்கப்பட்ட பெட்டி ஒன்றில் மணிகள், உலோகங்கள், தானியங்கள், பல இடத்து மண், அந்தந்தத் தெய்வத்திற்குரிய சின்னங்களின் சிறு வடிவங்கள் ஆகியவற்றை வைத்து மூடி, கட்டடத்தின் உள்ளே இடுவது அச்சடங்கு. ஒன்பது அறை கொண்ட பெட்டியும் உண்டு. இருபத்தைந்து அறை கொண்டதும் உண்டு. கட்டடத்திற்கு அதுவே கரு. கருவறை என்ற சொல்லை நாம் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போகிறோம். அந்தக் ‘கரு’ எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னால், மெர்போக்கில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நம் கோயில்களில் பிரதிஷ்டையின்போது விக்கிரகத்தின் அடியில் யந்திரத் தகடும் நவரத்தினமும் வைத்து அஷ்டபந்தனம் சாற்றுவதை நேரில் கண்ட அன்பர்கள் பலர் இருப்பீர்கள். வரிசையில் நின்று ஒரு சிறு பொன் துணுக்கைப் போட்டவர்களும் இருப்பீர்கள். போட்டபின் அது மறைந்துவிடுகிறது. அதை மீண்டும் எவரும் பார்க்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் போடுகிறோம். கடாரத்தில் அன்று போட்டவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

காட்சிக்கூடத்தில்

கூடத்துள் இருக்கும் மற்றப் பொருள்களை எல்லாம் இங்கே பட்டியலிடப் போவதில்லை. சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

சிற்பங்கள் உடைந்தவை, சிறியவை. தஞ்சையையோ மதுரையையோ மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர்கள் ஏமாறுவார்கள். விநாயகர், நந்தி, ஆவுடையார் என்று பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் சிலவற்றை அறிய வேண்டியிருக்கும். ஆயினும் தும்பிக்கையின் வளைவு கொஞ்சம் தெரிந்தால் போதும், குழந்தைகள் “பிள்ளையார்!” என்று கூவிவிடுகிறார்கள்.

பௌத்தப் பொருள்களும் இதே பள்ளத்தாக்கிலிருந்து கிடைத்தவை. உண்மையில் இங்கே கிடைத்த பழமையான எழுத்துச் சான்றுகளில் பெரும்பாலானவை பௌத்தம் சார்ந்தவை. ஜேம்ஸ் லோ 1834இல் கண்டெடுத்த கல்வெட்டு ஒன்றில் தூபி ஒன்றின் உருவமும், புத்தகுப்தன் என்னும் மாலுமித் தலைவனின் பெயரும் உள்ளன. தன் பயணம் நலமாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்ட அவனது ஊர் ‘செம்மண் நாடு’ என்ற பொருள்படும் ரக்தமிருத்திகை. அது வங்காளத்தில், இன்றைய முர்ஷிதாபாத் பகுதியில் இருந்தது என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல் இப்போது கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சைவரும் பௌத்தரும் ஒரே ஆற்றங்கரையில் அருகருகே வழிபட்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

மணிகளை வைத்திருக்கும் பகுதியில் சற்று நேரம் நில்லுங்கள். கடுகளவும் மிளகளவுமான கண்ணாடி மணிகள்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் பழங்காலத்தில் ஏராளமாகச் செய்யப்பட்ட வகை இது. கோலா மூடாவை அடுத்த சுங்கை மாஸில் இந்த வகை மணிகள் இங்கேயே செய்யப்பட்டதற்கும் தடயம் உண்டு. பொருள் மட்டும் வந்தால் வணிகம். செய்யும் கையும் கூடவே வந்திருந்தால் குடியேற்றம். எது நடந்தது என்பதை ஒரு மணியை வைத்து மட்டும் முடிவு கட்ட இயலாது.

பெங்காலான் பூஜாங் பகுதியில் அள்ள அள்ளக் கிடைத்தவை சீனப் பீங்கான் ஓடுகள். சோங், யுவான் அரச மரபுகளின் காலத்தவை. இலைப்பச்சை மெருகு பூசியவை. மத்தியக் கிழக்கின் கண்ணாடித் துண்டுகளும் உடன் கிடைத்தன. அப்பாசியக் கலீபா முத்தவக்கிலின் காலத்து வெள்ளி நாணயம் ஒன்றையும், கி.பி. 848ஐச் சேர்ந்தது, குவாரிச் வேல்ஸ் ஓரிடத்தில் கண்டெடுத்தார். காற்று திசை மாறும் வரை மரக்கலங்கள் இத்துறையில் காத்துக்கிடந்தன. காத்திருந்த மாதங்களில் சந்தையும் நடந்தது, சமையலும் நடந்தது, பூசையும் நடந்தது. இன்று கடல் விலகிப் போயிருக்கிறது. ஆறுகள் கொண்டுவந்த மண் படிந்து, அன்று துறையாக இருந்த இடங்கள் இன்று வயலாகவும் செம்பனைத் தோட்டமாகவும் உள்ளன.

அருங்காட்சியகத்திற்கு வெளியே, சற்றுத் தொலைவில், சுங்கை பத்து என்ற இடத்தில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2009 முதல் பெரிய அகழாய்வை நடத்தியது. இரும்பு உருக்கிய உலைகளும், உலைக்குக் காற்று ஊதிய மண்குழாய்களும் குவியல் குவியலாக வெளிவந்தன. செங்கல்லால் கட்டிய படகுத்துறைகளும் ஆற்றின் பழைய போக்கை ஒட்டிக் கண்டறியப்பட்டன. இவற்றின் தொடக்கக் காலத்தைக் கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளுக்குக் கொண்டுபோகும் அறிவிப்புகள் வந்தன. அத்தனை பழமை பற்றி அறிஞர்களிடையே விவாதம் தொடர்கிறது. 2023இல் புக்கிட் சோராஸ் என்னும் குன்றில் அதே பல்கலைக்கழகத்தினர் சுதைச் சிற்பங்களுடன் கூடிய பௌத்தக் கோயில் எச்சம் ஒன்றை வெளிக்கொணர்ந்தனர். பள்ளத்தாக்கு தன்னிடம் உள்ளதை இன்னும் முழுவதும் காட்டிவிடவில்லை.

கடாரம் என்ற பெயர்

இனி, எல்லோரும் கேட்கும் கேள்வி. எங்கள் பேருந்திலும் போகும்போதே கேட்டார்கள்: “இதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டினதுதானே?”

கேள்வியின் பின்னே இருக்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் விழா மலரில் எழுதுவதால் உண்மையைக் கூட்டிச் சொல்லலாம் என்று ஆகாது. இராசேந்திரன் கி.பி. 1025ஐ ஒட்டிக் கடற்படை அனுப்பி, கடாரத்து அரசனாகிய சங்கிராம விசயோத்துங்கவர்மனை வென்றான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி கூறுகிறது. ‘கடாரங் கொண்டான்’ என்ற விருதுப் பெயரும் அவனுக்கு உண்டு. அதே பெயரில் ஊரும் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் அது படையெடுப்பு. படை வந்தது, வென்றது, திரும்பியது. அவன் இங்கே கோயில் எடுத்தான் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. சுங்கை பத்துவின் உலைகள் சோழர்க்குப் பல நூற்றாண்டு முந்தியவை. இப்பள்ளத்தாக்கில் கிடைத்த முக்கியக் கல்வெட்டுகள் வடமொழியில் உள்ளன.

ஆனால் தமிழர்க்கு இங்கே தொடர்பே இல்லை என்று யாராவது சொன்னால், அதுவும் தவறு. படையெடுப்புக்கு இருபது ஆண்டுகளுக்கு முன், கடாரத்தரசன் சூளாமணிவர்மனின் பெயரால் அவன் மகன் மாரவிசயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் ஒன்றை எழுப்பினான். அதற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே வருவாய்க்கு அளித்தான். பிற்காலத்தில் இராசேந்திரனும் அந்தக் கொடையை உறுதி செய்தான். லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் 21 ஏடுகள் இதைத் தமிழிலும் வடமொழியிலும் பதிவு செய்துள்ளன. சைவனாகிய சோழன், கடல்கடந்த பௌத்த அரசன் ஒருவன் கட்டிய விகாரத்திற்கு நிலம் கொடுத்திருக்கிறான். அறக்கொடை என்பதன் பெருமைக்கு இதைவிடப் பழைய சான்று நமக்கும் இந்நாட்டுக்கும் பொதுவாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை. படையெடுப்பைப் பற்றிப் பேசும் பத்துப் பேரில் ஒருவர்கூட ஆனைமங்கலத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

தாய்லாந்தின் தக்குவா பாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, குளம் ஒன்றை மணிக்கிராமத்தாரின் காவலில் விட்டதைக் கூறுகிறது. சுமத்திராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழுவைக் குறிப்பிடுகிறது. வடக்கே ஒன்று, மேற்கே ஒன்று, நடுவில் கடாரம். அந்த வணிகர்கள் இத்துறையில் இறங்காமல் போயிருப்பார்கள் என்று நினைக்க இடமில்லை. வங்காளத்து மாலுமி, தமிழ் வணிகர், சீனர், அரபியர் எல்லோரும் வந்தனர். கோயிலைக் கட்டியவர்கள், கல்லை அடுக்கியவர்கள், மழைக்கேற்ப மரத்தால் கூரை போட்டவர்கள் இவ்வூர் மக்களே என்று கொள்வதுதான் பொருத்தமாகப் படுகிறது. திட்டம் கடல் கடந்து வந்தது. கட்டிய கை இந்த மண்ணினுடையது. பினாங்கு வழக்கறிஞர் டத்தோ வி. நடராஜன் 2011இல் இப்பள்ளத்தாக்கைப் பற்றி ஆங்கிலத்தில் பெரிய நூல் ஒன்றை எழுதியிருக்கிறார். விரிவாக அறிய விரும்பும் இளைஞர்கள் அதைத் தேடிப் படிக்கலாம்.

எண் 11

நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன எண்ணுக்கு வருகிறேன்.

சுங்கை பத்துப் பகுதியில் இருந்த 11ஆம் எண் சண்டி, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது என்று கருதப்பட்டது. பள்ளத்தாக்கின் பெரிய கோயில் எச்சங்களில் ஒன்று. அது தனியார் நிலத்தில் இருந்தது. அந்த நிலம் வீட்டு மனைகளுக்காகக் கைமாறியது. 2013ஆம் ஆண்டு டிசம்பரில்தான் செய்தி வெளியே வந்தது: மண்வாரி இயந்திரம் வந்து அந்த இடத்தை வழித்துவிட்டிருந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அதில் இந்துக்கள் மட்டுமல்ல, மலாய், சீன ஆய்வாளர்களும் மாணவர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஓர் இடம் அச்சட்டத்தின்கீழ் முறையாக அறிவிக்கப்பட்டுப் பதிவு பெறாவிட்டால், நிலச்சொந்தக்காரர் கண்ணுக்கு அது வெறும் செங்கல் மேடு. பதிவு என்ற ஒன்று இல்லாததால் போயிற்று 11ஆம் எண்.

அந்தச் செய்தி வந்த நாட்களில் நானும் கோபப்பட்டேன். பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு தோட்டக் கோயில். எங்கள் தாத்தா காலத்தில் அத்தாப்புக் கூரையில் தொடங்கியது. பலகைச் சுவர், பின்பு சிமெண்டுச் சுவர், தகரக் கூரை. திருப்பணி வேண்டுமென்று எல்லோரும் கூடிப் பணம் சேர்த்தோம். நானும் குழுவில் இருந்தேன். தமிழகத்திலிருந்து சிற்பிகள் வந்தார்கள். பழைய கட்டடத்தை இடித்தபோது, முதல் முதலாகத் தோட்டத் தொழிலாளர்கள் ஊன்றிய நடுகல் ஒன்று, எழுத்து மங்கிய மரப்பலகை ஒன்று, கைப்பிடி தேய்ந்த வெண்கல மணி ஒன்று, துருப்பிடித்த வேல்கள் நான்கைந்து கிடைத்தன. நல்ல நாள் பார்த்து ஆற்றில் விட்டுவிடலாம் என்றார்கள். வேல்களை விட்டோம். மணியைப் பழைய இரும்புக்காரர் வாங்கிப் போனார். பலகை இடிபாடுகளோடு லாரியில் ஏறிற்று. அதில் உபயகாரர்கள் பெயரும் அவர்கள் கொடுத்த காசும் எழுதியிருந்தன. சில பேர் அரை வெள்ளி கொடுத்திருந்தார்கள். அதை ஒரு படம்கூட எடுத்து வைக்க எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. புதுக் கோயிலில் இப்போது பளிங்குப் பலகை இருக்கிறது. அதில் என் பெயரும் உண்டு. அரை வெள்ளி கொடுத்தவர்கள் யாரென்று இனி யாருக்கும் தெரியாது.

ஆகம விதிப்படி பின்னமுற்ற மூர்த்தங்களை நீரில் இடுவது மரபு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பலகைக்கும் மணிக்கும் நடுகல்லுக்கும் அந்த விதி இல்லை. குருக்களைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். நீரில் இடுமுன் ஒரு படம் எடுத்து, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று நாலு வரி எழுதி வைப்பதற்கும் தடை ஏதும் இல்லை. சில ஆலய நிர்வாகங்கள் அலுவலகத்தின் மூலையில் கண்ணாடி அலமாரி ஒன்றை வைத்துப் பழைய வரவுசெலவுப் புத்தகம், திருவிழா அழைப்பிதழ், பழைய சீட்டு ஆகியவற்றைக் காத்து வருகின்றன. அத்தகைய அலமாரிக்கு உபயம் கேட்டு வந்தால், கோபுரக் கலசத்திற்குக் கொடுக்கும் அதே மனத்தோடு கொடுக்கலாம் என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

செல்ல விரும்புவோர்க்கு

சுங்கைப் பட்டாணியிலிருந்து பீடோங் வழியாக மெர்போக் செல்லும் சாலையில் போனால், அருங்காட்சியகத்திற்கு வழிகாட்டும் பலகைகள் இருக்கின்றன. காலையிலேயே போய்விடுவது நல்லது; மலையடிவாரம் ஆகையால் பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். கருங்கற்படிகள் வழுக்கும், முதியோரைக் கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டும். குழுவாகச் செல்வோர் முன்கூட்டியே தெரிவித்தால் விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்கலாம். சண்டிகளின் மேல் கற்பூரம் ஏற்றுவதையும் எண்ணெய், குங்குமம் இடுவதையும் தவிர்க்க வேண்டும். கல் கறைபட்டால் போகாது. கரிப்புகை அதைவிடக் கேடு. பூ வைக்க விரும்பிய எங்கள் அம்மாவிடம் காவலர் ஒருவர் மலாயில் மரியாதையாக ஏதோ சொன்னார். அந்த அம்மா தலையாட்டிவிட்டு, கொண்டுவந்த செம்பருத்தியைப் படிக்குக் கீழே, ஓடையோரத்துக் கல் ஒன்றின்மேல் வைத்துவிட்டு வந்தார்.